வளைந்த மேனிபோல்டும் ஓர் ஓட்டுநரின் பெயரும்

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் பழைய லாரி வைத்திருப்பவன் ஆலோசனை தேடி அலைய வேண்டியதில்லை. தேநீர் குடிக்க வந்தவன், எடைமேடையில் காத்திருப்பவன், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டறியாதவன் ஆகிய அனைவரும் அங்கே வைத்தியர்கள். தீபாவளி கழிந்த இரண்டாம் வாரத்தில், என் லாரியைக் காலையில் கிளப்பும்போது இன்ஜின் பக்கமிருந்து 'டக், டக், டக்' என்று ஓசை வரத் தொடங்கியது. வால்வு என்றான் ஒருவன். டீசலில் தண்ணீர் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் கண்ணேறு என்று சொல்லிவிட்டு, அந்தக் கண் தன்னுடையதன்று என்பதையும் கையோடு தெளிவுபடுத்தினான்.

நான் இயற்பியல் படித்தவன். மதுரையில் மூன்றாண்டு விடுதியில் தங்கிப் பட்டம் பெற்றுத் திரும்பி, தந்தையாரின் வெங்காய மண்டியை ஏற்று நடத்தினேன். லாரியின் பின்பலகையில் தன் பெயரோடு பட்டத்தையும் எழுதிவைத்தவன் இந்தப் பேட்டையில் நான் ஒருவனே. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எழுதிவைக்கத் தங்களிடம் ஒன்றுமில்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று நான் அவர்களைப் பொருட்படுத்தியதில்லை. ஒரு காலத்தில் நான்கு லாரிகள் இருந்தன. இப்போது எஞ்சியிருப்பது ஒன்று. அதுவும் விற்கப்போனால் பழைய இரும்புக் கடைக்காரன் மட்டுமே மரியாதையாகப் பேசக்கூடிய வயதை எட்டியது.

அந்த லாரியைப் பதினான்கு ஆண்டுகளாக ஓட்டியவர் அகரத்துக்காரர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவர். ஆலோசகர் கூட்டம் கலைந்த பிறகு அவர் சொன்னார்:

"மொதலாளி, சத்தம் உள்ள இல்ல, பக்கவாட்டுல இருந்து வருது. மேனிபோல்டு ஊதுது."

அவர் சொன்னது சரி. இன்ஜினின் ஆறு வாய்களிலிருந்தும் வெளிவரும் புகையை வாங்கி ஒன்றுசேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டுக்கு மேனிபோல்டு என்று பெயர். அதற்கும் இன்ஜினுக்கும் இடையே தகட்டாலான ஒரு பேக்கிங் இருக்கும். இடைவெளி விழுந்தால் அதன் வழியே புகை பீறிட்டு ஓசை எழுப்பும். இன்ஜின் சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளி குறையும், ஓசையும் குறையும். அதனால்தான் காலையில் கத்திய வண்டி நடுப்பகலில் சாதுவாக இருந்தது. பேட்டையின் வைத்தியர்கள் அனைவரும் நடுப்பகலில் வந்து பார்த்துவிட்டு, 'சரியாப் போச்சே' என்று தத்தம் மருந்தின் பெருமையைப் பேசிச் சென்றார்கள்.

வண்டியை வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் என் மூன்று லாரிகள் மறைந்த பிறகும் என்னோடு இருப்பவர். அவை மறைந்ததில் அவருக்கும் பங்குண்டு என்பது என் நெடுநாள் கருத்து.

"பேக்கிங் போயிருச்சு அய்யா. அர மணி வேல" என்றார்.

அரை மணி வேலை ஒரு நாள் நடந்தது. பேக்கிங் எட்டு நாள் நின்றது. மறுபடி ஊதியது. மறுபடி மாற்றினார். இம்முறை ஏதோ கறுப்புப் பசையைத் தடவி, 'இனி ஆயுசுக்கும் அசையாது' என்றார். வண்டி ஆயக்குடிக்குப் போய்க் கொய்யா ஏற்றித் திரும்புவதற்குள் அந்த ஆயுசு முடிந்தது. மூன்றாம் முறை அவர் கண்டுபிடித்த மருத்துவம், ஒரு பேக்கிங்கின் மேல் இன்னொன்றை வைத்து இறுக்குவது.

"ஒண்ணு நிக்கல, ரெண்டு நிக்கும்ல அய்யா?"

செருப்பு கடித்தால் அதன் மேல் இன்னொரு செருப்பை மாட்டிக்கொள்கிறவன் பேசும் தர்க்கம் இது. இறுக்கிய இறுக்கில் இரண்டு போல்ட்டுகள் தலை முறிந்து இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டன. அதற்கும் அவர் போல்ட்டைத்தான் குறை சொன்னார். "இப்ப வர்ற இரும்பெல்லாம் இரும்பா அய்யா?"

இனி இந்த ஆராய்ச்சிகள் போதும், கழற்றிப் பழனி சாலை லேத் பட்டறைக்கு எடுத்து வா என்று நான் ஆணையிட்டேன். ஓட்டுநர் அந்தக் கனத்த துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். மெக்கானிக் தன் தீர்ப்பு தோற்பதைப் பார்க்க உடன் வந்தார். பட்டறையில் ஏற்கெனவே ஒருவர் தம் வண்டியின் பிரேக் டிரம்களைக் கடைய வந்து உட்கார்ந்திருந்தார். கொடைரோட்டில் ஆறேழு லாரி வைத்திருப்பவர், என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்று அழைத்துக்கொண்டே என் வாடகைகளில் பாதியை எடுத்துக்கொண்டவர்.

லேத்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்தவர். இந்தக் கதையில் தம் வேலையைத் தெரிந்தவர் என்று நான் ஒப்புக்கொள்ளும் இருவரில் ஒருவர். மேனிபோல்டின் முகத்தில் படிந்த கரியைச் சுரண்டினார், துடைத்தார், நீண்ட இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்தினார். செல்பேசி விளக்கை எரியவிட்டு மறுபுறம் பிடித்தார்.

"ஏனுங்க, வந்து பாருங்க. வெளிச்சம் எங்கெங்க தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க."

"இரண்டு கோடியிலும்" என்றேன்.

"நடு மட்டுந்தானுங்க ஒக்காருது. ரெண்டு மொனையும் தூக்கிக்கிச்சு. இதுக்கு மேல எத்தன பேக்கிங் வெச்சாலும் ஊதத்தான் செய்யுமுங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் மெக்கானிக். நான்கு பேக்கிங்கும் இரண்டு போல்ட்டும் தின்றுவிட்டு இதைச் சொல்ல ஒரு முகம் வேண்டும்.

"எதனால் வளைந்தது?" என்று கேட்டேன்.

"வயசும் ஒரு காரணமுங்க. ஆனா இத்தன வளையறதுன்னா, நல்ல சூட்டுல பச்சத்தண்ணி பட்டிருக்கோணுமுங்க. பட்டவொடனே தெரியாது, பேக்கிங் கொஞ்சங் கொஞ்சமா வெந்து போனப்புறந்தான் ஊதுமுங்க."

"தண்ணியா? சூட்டு வண்டியிலயா? எவன் ஊத்துனது?" என்றார் கொடைரோட்டுக்காரர், நாற்காலியில் நிமிர்ந்து.

லாரித் தொழிலில் இதைவிடக் கேவலமான குற்றச்சாட்டு அதிகமில்லை. மோதிவிட்டான் என்றால் எதிரே வந்தவனைச் சொல்லலாம். கொதிக்கும் இன்ஜினில் தண்ணீர் ஊற்றினான் என்றால் ஊற்றியவன் மடையன் என்பதைத் தவிர வேறு பொருளில்லை. நான்கு பேர் முன்னால் என் வண்டிக்கு இப்படி ஒரு மடமை நேர்ந்திருப்பது வெளியாகிறது. அது எனதன்று என்று உடனே நிறுவியாக வேண்டும். என் கண் ஓட்டுநர்மேல் விழுந்தது.

குடகனாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களில் வண்டியைத் தாடிக்கொம்புப் பக்கம் இறக்கிக் கழுவுவது அவர் வழக்கம். அது எல்லாருக்கும் தெரியும்.

"தேட வேண்டியதில்ல. ஆத்துல வண்டியக் குளிப்பாட்டுறவன் இவன்தான்" என்றேன்.

"ஆறப் போட்டுத்தான் கழுவுவேன் மொதலாளி."

"அப்ப இதுல தண்ணி எப்படிப் பட்டுச்சு? ஆகாசத்துல இருந்து வந்துச்சா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். சற்று நீண்ட பார்வை. அதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. ஏதோ ஒன்றை நான் நினைவுகூரக் காத்திருப்பவரைப் போல நின்றார். குற்றவாளியின் திமிர் என்று நான் அதைப் படித்தேன். படித்ததோடு நில்லாமல், வார்ப்பிரும்பு வெப்பத்தில் எவ்வாறு விரிகிறது, ஒரு புறம் மட்டும் திடீரெனக் குளிர்ந்தால் அந்தப் புறம் முந்திச் சுருங்கித் துண்டு முழுவதையும் எவ்வாறு இழுத்து வளைக்கிறது என்பதை அந்தப் பட்டறைக்கு விளக்கினேன். விளக்கம் பிழையற்றது. இறுதியில், "படிக்காதவன் கையில இயந்திரத்தக் கொடுத்தா இதுதான் கதி" என்று முடித்தேன்.

"பதினாலு வருசமா வச்சிருந்தீகளே அண்ணே, நீங்க பெரிய மனுசன்தான்" என்றார் கொடைரோட்டுக்காரர்.

ஓட்டுநர் வண்டிச் சாவியை எடுத்து லேத் மேசையில் வைத்தார். "வாரேன் மொதலாளி" என்றார். போய்விட்டார்.

மேனிபோல்டைச் சமன்படுத்த லேத்காரர் பத்து நாள் கேட்டார். அந்தப் பத்து நாளில் செய்தி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போயிற்று. மெக்கானிக் மண்டிக்கு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"ஒங்க டிரைவரு கொடைரோட்டுக்காரருகிட்ட வேல கேட்டுப் போனாராம் அய்யா. 'ஏலே, நீ வண்டி ஓட்ட வந்தியா, குளிப்பாட்ட வந்தியா'ன்னு கேட்டு அனுப்பிட்டாராம். ஸ்டாண்டுல அவரக் கண்டாலே 'அப்பு, சோப்பு கொண்டாந்தியா'ங்கிறாய்ங்க."

நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன்.

என் கல்லூரித் தோழர்கள் நாற்பது பேர் செல்பேசியில் ஒரு குழுவாக இருக்கிறோம். ஒரு காலத்தில் ஒளிவிலகலைப் பற்றி விடிய விடிய வாதிட்டவர்கள், இப்போது நாளும் காலையில் தாமரைப் பூப் படத்தையும் மூட்டுவலிக்கான கஷாயக் குறிப்பையும் அனுப்பிக்கொள்கிறார்கள். அந்த அறிவுப் பாலைவனத்தில் ஒரு துளி நீர் தெளிக்கும் எண்ணத்தோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் ஒரு குறிப்பை எழுத அமர்ந்தேன். பொருள்: வெப்பத் தகைவும் நம் நாட்டுத் தொழிலாளரின் அறியாமையும். எழுதி முடித்ததும் உடன் இணைக்க லாரியின் படம் ஒன்று வேண்டியிருந்தது. செல்பேசியில் தேடினேன். ஆயுத பூசையன்று என் மனைவி எடுத்த காணொளி அகப்பட்டது. அன்றே அதை இதே குழுவுக்கு நான் அனுப்பியிருந்தேன். முப்பது பேருக்கு மேல் கைகூப்பும் சின்னம் இட்டிருந்தார்கள்.

அனுப்பியபோது நான் என் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போது ஒலியோடு பார்த்தேன்.

மண்டி வாசல். வாழைக்கன்று கட்டியாயிற்று. தெருப் பெரியவர்கள் சட்டைக்கு மேல் துண்டு போட்டு வரிசையாக நிற்கிறார்கள். நான் பலமுறை அழைத்து விரட்டியதால் லாரி ஒட்டன்சத்திரத்திலிருந்து ஓட்டமாக வந்து அப்போதுதான் நிற்கிறது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"நல்ல நேரம் முடியப் போறது. எனக்கு இன்னும் ரெண்டு மில்லுல பூஜை இருக்கு."

"பானட்டத் தூக்கு" என்கிறேன் நான். கையில் மஞ்சள் நீர்க் குடம்.

ஓட்டுநரின் குரல்: "மொதலாளி, செத்த பொறுங்க. நிக்காம மிதிச்சு வந்திருக்கேன், அனலாக் கெடக்கு. மேல தெளிச்சா போதும், உள்ள வேணாம்."

"பூசத் தண்ணி என்னடா செய்யும்? நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

குடம் சாய்கிறது. 'சுர்ர்' என்ற ஓசை. வெண்ணிறமாக ஆவி எழுந்து என் தலைக்கு மேலே போகிறது. கூட்டம் கைகூப்புகிறது. "ஆத்தாளே எறங்கி வந்த மாதிரில்ல இருக்கு!" என்கிறது ஒரு குரல். அந்தப் பாராட்டில் ஊக்கம் பெற்று இரண்டாம் குடத்தை வாங்குகிறேன். "மொதலாளி, வேணாம்." ஊற்றுகிறேன். மூன்றாம் குடம். "மொதலாளி." ஊற்றுகிறேன். ஆவிக்குள்ளிருந்து வெற்றிப் புன்னகையோடு கேமராவைப் பார்க்கிறேன்.

அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி, காணொளியின் ஓசை கேட்டு எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தம்பி அன்னிக்கே சொல்லுச்சே. நீங்க கேட்டீகளா?"

"அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஒங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

முதலில் அந்தக் காணொளியை நீக்க முயன்றேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எல்லாரிடமிருந்தும் நீக்கும் காலம் கடந்துவிட்டது, உங்களிடமிருந்து மட்டும் நீக்கலாம் என்றது செல்பேசி. உலகத்தில் அதைப் பார்க்காத ஒரே மனிதனாக நான் ஆகலாம் என்பதே அதன் பொருள். இயற்பியல் பட்டதாரிகள் நாற்பது பேர். ஒருவனுக்காவது, 'அடே, சூடான வார்ப்பிரும்பில் தண்ணீரா?' என்று கேட்கத் தோன்றவில்லை. கைகூப்பினார்கள். நான் அவர்களை இகழத் தொடங்கி, அவர்களில் முதல்வன் யார் என்று எண்ணிப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். எழுதிய குறிப்பை அழித்தேன்.

மறுநாள் அகரம் போனேன். யாருக்கும் தெரியாமல் ஓட்டுநரைத் திரும்ப அழைத்துக்கொண்டால் முடிந்தது என்பது என் கணக்கு. வேலை அவருக்குக் கிடைக்கும். கௌரவம் எனக்கு மிஞ்சும். வீட்டில் அவர் இல்லை. பிறர் வயலில் சின்ன வெங்காயம் பிடுங்கப் போயிருந்தார். பதினான்கு ஆண்டு என் வெங்காயத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர், பெண்களோடு வரிசையில் குந்தியிருந்தார்.

"வாங்க மொதலாளி. வீட்டுல எல்லாரும் சொகந்தான?"

"வண்டிக்கு வந்துரு" என்றேன்.

"எதுக்கு?"

"ஓட்டத்தான்."

"குளிப்பாட்டுற டிரைவரு ஒங்களுக்கு எதுக்கு மொதலாளி?"

பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏண்ணே, இவுகதானா அந்த பி.எஸ்ஸி. லாரிக்காரரு?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஓட்டுநர் சிரிக்கவில்லை. நான் வரப்போரமாக அவரை அழைத்துச் சென்றேன்.

"வீடியோவப் பாத்தேன்."

அவர் கையிலிருந்த வெங்காயத்தின் மண்ணைத் தட்டினார்.

"பட்டறையிலயே சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் அதிலும் அவர்தான் பிழை செய்தவர்.

"பூச அன்னிக்குச் சொன்னேனே மொதலாளி. மூணு கொடத்துக்கும் மூணு தடவ சொன்னேன். நாலாந்தடவையா பட்டறையில வச்சு, நாலு பேரு முன்னாடி ஒங்களக் கவுக்கச் சொல்றீகளா?"

"சரி, நடந்தது நடந்துருச்சு. நாளைக்கு வந்துரு."

"எங்க வச்சுச் சொன்னீகளோ அங்க வச்சுச் சொல்லுங்க. கொடைரோட்டுக்காரர் காதுலயும் விழணும். லைசென்சு காயிதம் எல்லார்கிட்டயும் இருக்கு மொதலாளி. எம்பேர நம்பித்தான் வண்டி குடுப்பாக. மத்தத அப்புறம் பாப்போம்."

திரும்பி வரும் வழியெல்லாம் கொதித்தேன். சம்பளத்துக்கு இருந்தவன் எனக்கு நிபந்தனை விதிப்பதா என்று பேருந்தின் சன்னலிடம் கேட்டேன். வராவிட்டால் போகட்டும், ஊரில் ஓட்டுநருக்கா பஞ்சம் என்றேன். இரண்டு நாள் இந்த வீரத்தில் கழிந்தது. பேட்டை வாசலில் எவரோ, 'சோப்பு டிரைவரு வயல்ல கெடக்காராம்' என்று சொல்லிப் போனதைக் கேட்டேன். அந்தப் பழியை ஊருக்கு வழங்கிய வள்ளல் நான். அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் என்னைத் தவிர வேறெவருக்கும் இல்லை. மேனிபோல்டு ஆயத்தம் என்று லேத்காரர் அழைத்தபோது, அகரத்துக்கும் ஆள் அனுப்பினேன்.

பட்டறையில் லேத்காரர், மெக்கானிக், ஓட்டுநர் மூவரும் இருந்தார்கள். சமன்படுத்திய முகத்தின்மேல் ஸ்கேலை வைத்து லேத்காரர் விளக்கைப் பிடித்தார். ஒரு கீற்றும் தெரியவில்லை. மெச்சத்தக்க வேலை. மெச்சுவதை ஒத்திவைத்துவிட்டு, ஒத்திகை பார்த்து வந்த நீண்ட முன்னுரையையும் மறந்துவிட்டுச் சொன்னேன்:

"தண்ணி ஊத்துனது நான். ஆயுத பூச அன்னிக்கு. இவர் வேண்டாம்னு மூணு தடவ தடுத்தார். நான்தான் கேக்கல."

லேத்காரர் விளக்கை அணைத்தார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"மொத தடவ கழட்டும்போதே பாத்தேன் அய்யா. பிளாக்கு ஓரமெல்லாம் மஞ்சளும் குங்குமமுமா ஒட்டிக் கெடந்துச்சு. ஆத்துத் தண்ணியில ஏது குங்குமம்?"

"தெரிஞ்சுமா சிரிச்ச?"

"பெரியவுக விசயம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன். நீங்க வேற ஒரு மணி நேரம் பாடம் நடத்துனீக. நடுவுல எந்திரிச்சு என்னத்தச் சொல்ல?"

ஆக, அறிந்தவர்கள் மூவர்: மனைவி, மெக்கானிக், குற்றம் சாட்டப்பட்டவர். அறியாதவன், பட்டம் பெற்றவன். மரியாதை என்று இத்தனை நாள் நான் வசூலித்துவந்தது என்னவென்று அந்தக் கணத்தில் தெரிந்தது. வாயை மூடிக்கொள்வதுதான். அதிலும் அந்த மெக்கானிக்கின் மரியாதை ஒருவரை வயலுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை என்னிடமே கொண்டுவந்து சிரித்த மரியாதை. இகழ வேண்டுமென்றால் அவரை இகழலாம். ஆனால் அவர் கற்றதெல்லாம் என் வண்டிகளுக்கு அடியில் படுத்து, என் குரலைக் கேட்டுக் கற்றது.

செல்பேசியை எடுத்துக் கொடைரோட்டுக்காரரை அழைத்தேன். எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன். ஒரு சொல் விடாமல் அதையே மறுபடி சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது.

"நீங்களாண்ணே ஊத்துனீக? மூணு கொடமா?"

"மூணு கொடம்."

"சரி விடுங்கண்ணே, சாமி காரியம். அப்ப அந்தாளு மேல ஒரு தப்பும் இல்லேங்கிறீக?"

"இல்லை. பதினாலு வருசத்துல ஒரு தப்பும் இல்லை."

"அப்படின்னா எனக்கு ஒரு ஒதவி செய்யிங்க. அந்தாள நாளைக்கே என் ஷெட்டுக்கு வரச் சொல்லுங்க. புது வண்டி எறக்கியிருக்கேன், நம்பிக் குடுக்க ஆளில்லாம நிக்கிது. அன்னிக்கி நான் பேசுனதுக்கு வருத்தப்பட்டேன்னும் சொல்லிருங்க."

"அவர் இங்கதான் நிக்கிறார். கேட்டுக்கிட்டிருக்கார்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிச் செல்பேசியை வைத்துவிட்டார்.

பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கு நான் ஒருமுறைகூட வழங்காத நற்சான்றிதழை அன்று வழங்கினேன்; அதன் பயனைப் போட்டிக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொண்டார். இருந்துவிடு என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் அவர் இருந்துவிடக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. அதனால் சொல்லவில்லை.

"கோவத்துல போகல மொதலாளி" என்றார் ஓட்டுநர். "புது வண்டி. ஏசி கேபினு."

"ஏசியா! அப்ப நானும் வாரேன்ப்பா, கிளீனரா வச்சுக்க" என்றார் மெக்கானிக்.

"ஒன்னயவா? புது வண்டிக்கும் ரெண்டு பேக்கிங் போடுவ."

அன்று பிற்பகல் முழுவதும் ஓட்டுநர் மெக்கானிக்கோடு இருந்து, முறிந்து தங்கிய போல்ட்டுகளை எடுத்து, மேனிபோல்டை மாட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். யாரும் கேட்கவில்லை. வண்டி குளிர்ந்த நிலையிலேயே ஓசையின்றிக் கிளம்பியது. போகும்போது சொன்னார்: "ரெண்டு நாளு ஓடி, நல்லா ஆறுனப்புறம் எல்லா போல்ட்டையும் இன்னொருக்கா இறுக்கச் சொல்லுங்க. நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போகணும். இவரு வேணாம்பாரு. விட்றாதீக."

மூன்றாம் நாள் வண்டியை மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். ஆறட்டும் என்று அரை நாள் அங்கேயே மரநிழலில் அமர்ந்திருந்தேன். அவர், "அதெல்லாம் தேவையே இல்ல அய்யா, இறுக்கி வச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். ஸ்பேனரைச் சுட்டிக்காட்டினேன். முனகிக்கொண்டே நடு போல்ட்டில் வைத்து அழுத்தினார். அது அசையவில்லை, வெற்றியோடு என்னைப் பார்த்தார். "அடுத்தது" என்றேன். அதுவும் அசையவில்லை. கோடியில் இருந்ததற்கு வந்தபோது ஸ்பேனர் கால் சுற்று தடையின்றி இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பாடம் நடத்தவில்லை. மறுகோடிக்குப் போனார்.